பென்னிகுயிக்குக்குப் பொங்கல், மெக்காலேக்கு ஏச்சு

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. சித்திரைத் திருவிழாவுக்குப் பெங்களூர்ல இருந்து லீவு போட்டு வந்தவன், கௌமாரியம்மனைக் கும்பிட்ட கையோட டீக்கடையில உக்காந்து ஊர்ச் சனத்துக்கு வகுப்பு எடுத்தியாம்ல. கேள்விப்பட்டேன். வெள்ளைக்காரன் போயி இம்புட்டு வருசமாகியும் அவன் மொழி நம்ம கழுத்துல ஏறி உக்காந்திருக்கு, அடிமைப் புத்தி போகலை, எல்லாம் மெக்காலே பண்ணுன வேலைன்னு வெளுத்து வாங்குனியாம். நல்ல பேச்சுதான். என்ன ஒண்ணு, முக்காவாசி இங்கிலீசுல பேசிட்ட. டீ ஆத்துறவனுக்கு ஒரு எழவும் வெளங்கலை. யாரோ பெரிய உத்தியோகத்துக்காரருன்னு நெனச்சு உனக்கு மட்டும் கிளாசை வெந்நியில கழுவி, பாலைக் கூட ஊத்திக் குடுத்திருக்கான். அந்த மரியாதை எதுக்கு வந்துச்சுன்னு நீ கேக்கலை. குடிச்சிட்டு வந்துட்ட.

முறைக்காத. நீ பேசுனது தப்புன்னு நான் சொல்லலை. கோவப்படுறதுக்கும் ஒரு முறை இருக்கு, அதைத் தாத்தன் சொல்லித் தாரேன். கேட்டா கேளு, கேக்காட்டி போயி ராட்டினம் ஏறு.

மொதல்ல, யாரை ஏசுறதுன்னு முடிவு பண்ணிக்க. மெக்காலேயை ஏசு, வேணாங்கலை. 1834ல மெட்ராசுல கப்பலை விட்டு எறங்குன மனுசன், ஊட்டி வரைக்கும் நம்ம ஆளுக தோள்ல பல்லக்குல போனாரு. அடுத்த வருசம் பிப்ரவரியில கல்கத்தாவுல உக்காந்து, இந்த நாட்டுக்கு இங்கிலீசுப் படிப்புதான் லாயக்குன்னு எழுதி வச்சாரு. சமஸ்கிருதமும் தெரியாது, அரபியும் தெரியாதுன்னு அதே காகிதத்துல அவரே ஒத்துக்கிடுறாரு. ஒத்துக்கிட்ட கையோட, அதுல ஒண்ணும் சரக்கு இல்லைன்னும் எழுதிட்டாரு. தெரியாததைப் பத்தி இம்புட்டு தைரியமாப் பேசுறது இருக்கு பாரு, இங்கிலீசோட சேந்து நமக்கு வந்த பெரிய சொத்து அதுதான். உன்கிட்ட நெறையாவே இருக்கு.

ஆனா நீ மெக்காலேயை ஏசிக்கிட்டு இருந்தப்ப, உன் தலைக்கு மேல சுவத்துல ஒரு தொரை படம் மாலையோட தொங்குச்சே, அண்ணாந்து பாத்தியா? அது பென்னிகுயிக், பெரியாத்துல அணை கட்டுன தொரை. பெங்களூர்ல வேணா நீ வெள்ளைக்காரனை மொத்தமா வெறுத்துக்க. கம்பம் பள்ளத்தாக்குல அது செல்லாது. இங்க ஒவ்வொரு தொரையாத்தான் வெறுக்கணும்.

சனவரி 15ல பாலார்பட்டிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வா. 1841ல புனாவுல பொறந்த அந்த மனுசன் பொறந்த நாளுக்கு ஊரே பொங்கல் வைக்குது. லோயர்கேம்புல 2013ல மணிமண்டபம் தொறந்தாச்சு. நீ நேத்து வந்து எறங்குன தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவரு பேருதான். பிள்ளைக்கு அந்தப் பேரையே வச்சவுகளும் இருக்காக. வீட்டுல கூப்பிடுறது என்னமோ 'பென்னி'தான். 2022ல நம்ம கவர்மெண்டு சீமைக்கே போயி, அவரு கடைசிக் காலத்துல இருந்த கேம்பர்லியில சிலை வச்சுட்டு வந்துச்சு. நம்மள ஆண்டவன் ஊர்ல போயி, 'உங்காளு ஒருத்தர் இருந்தாரப்பா, தெரியுமா'ன்னு நாம சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கோம்.

தொரை சீமையில இருந்த சொத்தை வித்து அணை கட்டுனாருன்னு உங்கப்பத்தா சத்தியம் பண்ணுவா. வித்த பத்திரத்தை எவனும் என் கண்ணுல காட்டுனதில்லை. அதுக்காக அவ முன்னாடி போயி இதைச் சொல்லிராத, ராத்திரிச் சோறு கெடைக்காது. இன்னொண்ணு கேளு. தொரைக்கு முந்தியே, 1789ல, ராமநாதபுரம் சேதுபதிகிட்ட பிரதானியா இருந்த முத்திருளப்ப பிள்ளை இந்தப் பெரியாத்துத் தண்ணியைக் கெழக்க திருப்ப முடியுமான்னு பாத்தாரு. செலவு தாங்காதுன்னு விட்டுட்டாக. அவரு படம் எந்த டீக்கடையிலயும் தொங்கலை. அவரு பேரைச் சொல்லி யாரும் பொங்கல் வைக்கலை. நம்ம ஆளு யோசிச்சதுக்கு மதிப்பு இல்லைங்கறதையும் உன் அடிமைப் புத்திக் கணக்குல சேத்துக்க, வேணும்னா.

தாது வருசப் பஞ்சத்துல சனம் கொத்துக் கொத்தாச் செத்துச்சு. பஞ்சத்துக்குச் செலவு பண்ணிப் பண்ணி சர்க்காருக்கும் கை கடிச்சுச்சு. அதுக்குப் பின்னாடிதான் 1887ல அணை வேலையை ஆரம்பிச்சு 1895ல தண்ணி விட்டாக. இன்னைக்கு லோயர்கேம்புல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர்ல இருபோகம் நெல்லு வெளையுதுன்னா அந்தத் தண்ணிதான். நடுவுல நம்ம வீரபாண்டியும் இருக்கு. தண்ணி வந்துச்சு, பின்னாடியே தீர்வையும் வந்துச்சு. தொரைமாருக இலவசமா ஒண்ணும் பண்ணலை, நாமளும் இலவசமாப் பொங்கல் வைக்கலை. ரெண்டு பேருக்கும் கணக்கு நேராயிருச்சுன்னு வச்சுக்க.

சரி, இப்ப அணை நெலத்துக்கு எழுதுன பத்திரத்துக்கு வா. ஏன்னா உன் மொழிச் சண்டை அங்கதான் இருக்கு.

1886 அக்டோபர் 29. திருவாங்கூர் மகாராசாவுக்கும் வெள்ளைக்கார சர்க்காருக்கும் குத்தகைப் பத்திரம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருசம் அஞ்சு ரூவா, 999 வருசம். ஆமாடா, 999. இன்னும் எண்ணூறு வருசத்துக்கு மேல ஓடும். எழுதுனவன் சர்க்கார் போயிருச்சு, கையெழுத்துப் போட்ட சமஸ்தானம் போயிருச்சு, காகிதம் மட்டும் உக்காந்திருக்கு. நெலம் குடுத்தவன் பேச்சு மலையாளம். தண்ணி குடிக்கப் போறவன் பேச்சு தமிழ். பத்திரம் சுத்தமான இங்கிலீசு. நெலம் குடுத்தவனுக்கும் தண்ணி குடிக்கிறவனுக்கும் வெளங்காத பாசையில எழுதுனாத்தான் பத்திரம் கெட்டியா நிக்கும்னு அன்னைக்கே யாரோ கண்டுபிடிச்சிருக்கான்.

1979ல அணை பலமில்லைன்னு பேச்சு கெளம்பி, தண்ணி மட்டத்தை 136 அடிக்கு எறக்குனாக. அப்புறம் நடந்ததெல்லாம் கோர்ட்டுக் கதை. 2006 பிப்ரவரியில 142 அடி தேக்கலாம்னு டெல்லியில தீர்ப்பு. அடுத்த மாசமே கேரளாவுல அதுக்கு எதிரா ஒரு சட்டம். 2014 மே 7ல அந்தச் சட்டம் செல்லாது, 142 அடிதான்னு மறுபடியும் தீர்ப்பு. நடுவுல 2011 டிசம்பர்ல பள்ளத்தாக்கு மொத்தமும் கேரள எல்லையில இருக்க குமுளியைப் பாத்து நடந்துச்சே, அப்ப நீ பள்ளிக்கூடத்துல இருந்திருப்ப. நான் பாத்தேன். ரோட்டுல போட்ட சத்தம் எல்லாம் தமிழ். எதிர்ப்பக்கம் மலையாளம். ஏச்சு, பேச்சு, கல்லெறி எல்லாம் அவனவன் தாய்மொழியில நடந்துச்சு. தீர்ப்பு மட்டும் இங்கிலீசுல வந்துச்சு. குமுளிச் சந்தையில மிளகு வெலை பேசுறப்ப தமிழும் மலையாளமும் பெசஞ்சு பேசுற அதே ஆளுகதான். டெல்லிக்குப் போனா ஒருத்தன் மொகத்தை ஒருத்தன் பாக்காம மூணாவது ஆளு பாசையில பேசணும். அந்த இங்கிலீசு இல்லைன்னா அங்க இந்தியில பேசச் சொல்லியிருப்பாய்ங்கன்னு நீ சொல்லுவ. சொல்லு, அதுவும் நெசந்தான். 1938ல பள்ளிக்கூடத்துல இந்தியைக் கட்டாயமாக்குன ராஜாஜியே, பின்னாடி இங்கிலீசே இருந்துட்டுப் போகட்டும்னு மல்லுக்கு நின்னாரு. 1968ல அண்ணாதுரை தமிழும் இங்கிலீசும் போதும்னு சட்டசபையில தீர்மானம் போட்டாரு. ஆக வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன கம்பை எடுத்துத்தான் நாம டெல்லிக்காரனை மறிச்சோம். நீ இப்ப அந்தக் கம்பைத் தூக்கி ஆத்துல எறியச் சொல்ற. எறியலாம். கையில வேற என்ன இருக்குன்னு பாத்துட்டு எறி.

நான் தொரைக்கு வக்காலத்து வாங்குறேன்னு நெனச்சுக்கிராத. இங்க இருந்து கெழக்க போனா உசிலம்பட்டி, அதுக்குப் பக்கத்துல பெருங்காமநல்லூர். 1911ல ஒரு சட்டத்தை இங்க கொண்டாந்தாக. சனம் அதை ரேகைச் சட்டம்னு சொல்லும். பொறந்த சாதிக்காகவே ஒரு ஆளைக் குத்தவாளின்னு எழுதிக்கிடுற சட்டம். பத்து விரலையும் மையில தொட்டு அமுக்கணும். பதிஞ்ச ஆம்பளை ராத்திரியானா வீட்டுல படுக்க முடியாது, போலீசு கண்ணுல படுற எடத்துலதான் படுக்கணும். 1920 ஏப்ரல் 3ல, ரேகை வைக்க மாட்டோம்னு நின்ன கள்ளர் சனத்தைச் சுட்டாய்ங்க. செத்தது 16 பேரு. சட்டம் ஒழிஞ்சது 1947லதான். அந்தச் சட்டமும் இங்கிலீசுலதான் இருந்துச்சு. பென்னிகுயிக் படத்துக்கு மாலை போடுற கைகள்ல, தாத்தன் ரேகை வச்ச குடும்பத்துக் கைகளும் இருக்கு. இதை ஒண்ணா வச்சுப் பாக்கத் தெரியலைன்னா நீ இந்தப் பள்ளத்தாக்கைப் பத்திப் பேசாத. பிற்பாடு அதே சர்க்கார் கள்ளர் சீரமைப்புன்னு பேரு வச்சுப் பள்ளிக்கூடமும் தொறந்துச்சு. மதுரை, தேனி, திண்டுக்கல் மூணு சில்லாவுலயும் அந்தப் பேருலயே நடந்துச்சு. ரேகை வச்சவன் பேரன் அதுல எழுத்துப் படிச்சான். அவனுக்கு இங்கிலீசு வேணாம்னு எவனாவது சொன்னா, அவன் விட்டுருவானா?

மொழியைக் கண்டு மெரண்ட ஊரு இல்லடா இது. கம்பத்துல நெறைய வீட்டுல கதவைச் சாத்துனா கன்னடம். போடிப் பக்கம் வீட்டுக்குள்ள தெலுங்கு பேசுறவுக ஏராளம். வாசப்படி தாண்டுனா எல்லாரும் தமிழ், உன்னைவிட நல்ல தமிழ். மலையேறுனா மலையாளம். தாசில்தார் ஆபீசுல பேசுறதுல பாதி நவாபு காலத்து வார்த்தை. ஏலக்காய் யாவாரி இதுல எல்லாத்துலயும் வெலை சொல்லுவாரு. எவனும் எவன் பாசைக்கும் எந்திரிச்சு நின்னதில்லை. இந்த ஒரு பாசைக்குத்தான் துண்டு தானாக் கக்கத்துக்குப் போகுது. அது ஏன்னு கேட்டிருக்கணும் நீ.

நம்ம ஊர்ப் பங்காளிக ரெண்டு பேரு. மடை தொறக்குறதுல தகராறு. பேரு வேணாம், ரெண்டு பேரும் நாளைக்கு அக்கினிச்சட்டி எடுக்குறாக. கீழ்க்கோர்ட்டுல தமிழ்ல சாட்சி சொன்னாக, தமிழ்லயே தீர்ப்பு வந்துச்சு. தோத்தவன் மேல போயிட்டான். பெரிய கோர்ட்டுல ரெண்டு பேரும் சலவை வேட்டி கட்டிக்கிட்டுப் பின்னாடி நின்னுருக்காக. முன்னாடி அவுக மடையைப் பத்தித்தான் பேச்சு. எது நமக்கு ஆகுற பேச்சு, எது ஆகாத பேச்சுன்னு ஒருத்தனுக்கும் தெரியலை. வக்கீல் கையை ஓங்குனா செயிக்கிறோம்னும், காகிதத்தைத் தேடுனா தோக்குறோம்னும் இவுகளா ஒரு கணக்கு வச்சுக்கிட்டாக. கடைசியில பொறுக்க முடியாம இவன் அவன்கிட்டயே கேட்டுட்டான், "என்னப்பா சொல்றாக?" "எனக்கென்ன தெரியும், உன் வக்கீலும் என் வக்கீலும் சிரிச்சுக்கிட்டாக, அதான் பயமா இருக்கு"ன்னிருக்கான் அவன். கேசைத் தள்ளி வச்சுட்டாக. ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல, ஒரே சீட்டுல ஊரு வந்து சேந்தாக. வழியில பஸ் நின்ன எடத்துல வடை வாங்கி ஆளுக்குப் பாதி தின்னுருக்காக. வருசக்கணக்காப் பேசாத பங்காளிகளை ஒண்ணு சேத்து வச்ச புண்ணியம் இங்கிலீசுக்குத்தான் போகணும்.

இதுல வெள்ளைக்காரன் எங்கடா வந்தான்? அந்த மண்டபத்துல இருந்தது அம்புட்டும் நம்ம ஆளுக. உயர்நீதிமன்றத்துல இங்கிலீசுதான்னு சொல்றது நாம எழுதிக்கிட்ட அரசியல் சட்டம், 348வது பிரிவு. ஆளுநர் மூலமா ஜனாதிபதி ஒத்துக்கிட்டா மாநில மொழியும் வைக்கலாம்னு அதுலயே வழியும் போட்டிருக்கு. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் நாலுலயும் அப்படித்தான் இந்தி போச்சு. நம்ம சட்டசபையும் 2006 டிசம்பர்ல தமிழுக்குத் தீர்மானம் போட்டு அனுப்புச்சு. அனுமதி வரலை.

ஆப்பிரிக்காவுல கென்யாவுல கூகி வா தியாங்கோன்னு ஒரு எழுத்துக்காரர் இருந்தாரு. சின்னப்பிள்ளையில தாய்மொழி பேசுனா அடி, கழுத்துல அட்டை. வளந்து இங்கிலீசுல நாவல் எழுதுனாரு, ஆளுறவுகளைக் கிழிச்சே எழுதுனாரு. ஒண்ணும் பண்ணலை. 1977ல கிராமத்துச் சனத்தைக் கூட்டி அவுக கிக்கூயூ பாசையில ஒரு நாடகம் போட்டாரு. வருசம் முடியுமுன்ன தூக்கி உள்ள வச்சுட்டாய்ங்க. வச்சது யாருங்கற? வெள்ளைக்காரன் இல்லை, அவன் போயி பதினாலு வருசமாச்சு. சொந்த நாட்டு சர்க்கார். அந்த மனுசன் செயில்ல கக்கூஸ் காகிதத்துல, தாய்மொழியில ஒரு நாவலே எழுதி முடிச்சாரு. அது தமிழ்லயும் வந்திருக்கு, வாங்கிப் படி. இப்ப வெளங்குதா? தொரை எந்திரிச்சுப் போயிட்டான், நாற்காலி காலியா இல்லை. அதுல உக்காந்தவனுக்கு, எதுக்க நிக்கிறவனுக்கு வெளங்கிறக் கூடாது. அம்புட்டுத்தான் வெசயம். நீ ஏசுறதா இருந்தா உக்காந்திருக்கவனை ஏசு. செத்துப்போன மெக்காலே உனக்கு வாய்தாவுக்கா வரப்போறான்?

அதே நேரம் உத்தரப் பிரதேசத்துல பாங்காங்கற கிராமத்துல 2010ல இங்கிலீசுக்கே கோயில் கட்ட அஸ்திவாரம் போட்டாக. சந்திரபான் பிரசாத்னு ஒரு தலித் எழுத்தாளர் பண்ணுன ஏற்பாடு. அம்மன் கையில வேலும் சூலமும் இல்லை; பேனாவும் அரசியல் சட்டமும். நிக்கிறது கம்ப்யூட்டர் பெட்டி மேல. அவரு மெக்காலே பொறந்த நாளையும் கொண்டாடுறவரு. நீ சிரிக்கிற. ஊர் மொழி உன்னை வாசல்ல உக்கார வச்சுப் பேசுச்சு, அவுகளை ஊருக்கு வெளிய நிறுத்திப் பேசுச்சு. அவுக கும்பிட்டுட்டுப் போகட்டும். நீயும் நானும் கும்பிடுறதுக்குத்தான் முகாந்திரம் இல்லை.

தமிழ்ல பேசுனா அபராதம் போடுற பள்ளிக்கூடம் நம்ம பக்கமும் இருக்கு. பெத்தவுக கோவப்படுறதில்லை, அபராதத்தைக் கட்டிட்டு வந்து பெருமையாச் சொல்றாக. அரசுப் பள்ளிக்கூடத்துலயே 2012க்கு மேல இங்கிலீசு மீடியம் தொறந்தாச்சு. ஆனா 2010ல ஒரு சட்டம் வந்துச்சு பாரு, தமிழ்வழியில படிச்சவனுக்கு அரசு வேலையில 20 சதவீதம்னு. அதைக் கேள்விப்பட்டதும் கடனை வாங்கி இங்கிலீசுல படிக்க வச்ச அப்பன்மாரெல்லாம் நாக்கைக் கடிச்சுக்கிட்டாக.

இப்ப உனக்குப் புத்திமதி. இங்கிலீசை விடாத, இன்னும் நல்லாப் படி. கம்பம் பன்னீர் திராட்சை இருக்குல்ல, அது ஏதோ ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டாந்த கொடின்னு சொல்லுவாக. 2023ல கம்பம் பேருலயே புவிசார் குறியீடு வாங்கிருச்சு. பந்தல் போட்டவன் நாம, கவாத்து பண்ணுனவன் நாம, பட்டா நம்ம பேருக்கு. இங்கிலீசையும் அப்படித்தான் ஒட்ட வெட்டி வைக்கணும். வெட்டாம விட்டா கொடிதான் மண்டும், குலை வராது.

எங்க பேசுறதுன்னு ஒரு நெதானம் வேணும். டீக்கடையில பேசாத, அங்க எவனும் உன்னை எதுத்துக் கேக்கப் போறதில்லை. பேங்குக்குப் போனா மொதல்ல தமிழ்ல கேளு. உன்னை நிக்க வச்சுட்டு அந்தாளு செல்போனைப் பாத்தா, அப்ப எடு ஒரு வரி இங்கிலீசை. ஒரே வரி. நாற்காலி வரும். உக்காந்ததும் மறுபடி தமிழுக்கு வந்துரு; அப்பத்தான் பக்கத்துல நிக்கிற கெழவிக்கும் நாற்காலி கேக்கலாம். எவனாவது இங்கிலீசுல உன்னை அமுக்கப் பாத்தா, "வெளங்கலை, திருப்பிச் சொல்லுங்க"ன்னு அழுத்திக் கேளு. மூணு தடவை கேட்டா எப்பேர்ப்பட்ட இங்கிலீசும் தமிழுக்கு எறங்கி வந்துரும். நான் ஆயுசுல பாதி வேலையை இந்த ஒரு வார்த்தையை வச்சுத்தான் முடிச்சிருக்கேன்.

சரி, பேசுனது போதும். உள்ள சாமி மாடத்துல ஒரு கவர் இருக்கு, எடுத்துட்டு வா. போன போகம் கருதுல மழை விழுந்து பாழாச்சே, அதுக்குப் பயிர்க் காப்பீடு கேட்டிருந்தேன். பதில் வந்திருக்கு, நாலு பக்கம், அம்புட்டும் இங்கிலீசு. பணம் தாரேங்கறாய்ங்களா, இல்லைங்கறாய்ங்களான்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்குறான். இல்லைன்னு எழுதியிருந்தா, பதிலை நீ இங்கிலீசுலயே எழுது, மரியாதையாவும் கடுப்பாவும் எழுது, அவன் ரெண்டு தடவை படிக்கணும். கையெழுத்து நான் தமிழ்லதான் போடுவேன். முன்னெழுத்தும் தமிழ்லதான் இருக்கணும்னு கவர்மெண்டே உத்தரவு போட்டிருக்கு.

கண்ணாடி போட்டுக்கிட்டியா? மேல இருக்க பெரிய எழுத்தெல்லாம் வணக்கம், நன்றி, அப்படி இப்படின்னுதான் இருக்கும். நாலாம் பக்கத்துல அடியில பொடியா ஏதோ அடிச்சிருக்கான் பாரு, அங்க இருந்து ஆரம்பி.